தொட்டி மண்ணில் காற்றோட்டம்: மணலா, தேங்காய் நார்த்தூளா, உமிக்கரியா?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சுற்றுவட்டாரத்தில் வீட்டுத் தொட்டிக்கு முதலில் கைக்கு வருவது செம்மண்தான். நிலத்தில் இருக்கும்வரை அது நல்ல மண். தொட்டிக்குள் போய், நாள்தோறும் மேலிருந்து தண்ணீர் விழத் தொடங்கியதும் அதன் நுண்துகள் கீழே இறங்கி அப்பிக்கொள்கிறது. மேல்மண் காய்ந்து ஓடு கட்டுகிறது. வேருக்கு ஆக்சிஜன் போகும் வழி அடைபடுகிறது. இலை வாடியதும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். மூச்சு முட்டும் செடிக்கும் தாகத்தில் நிற்கும் செடிக்கும் வாட்டம் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் சிக்கல்.

எதைக் கலந்தால் மண் இளகும் என்று கேட்கும் முன், எந்தப் பருவத்தை மனதில் வைத்துக் கலக்கிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். நம் பக்கம் சித்திரை வெயிலும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் உண்டு. பெரும்பாலானவர்கள் வெயிலுக்குப் பயந்து ஈரம் பிடிக்கும் கலவையாகவே செய்கிறார்கள். நான் மழைக்காகக் கலக்கச் சொல்வேன். வெயிலில் காய்ந்தால் மாலையில் ஒரு செம்பு கூடுதலாக ஊற்றிச் சரிசெய்யலாம். அடைமழையில் நாலைந்து நாள் ஊறிக் கிடக்கும் தொட்டிக்குள் காற்றைக் கொண்டுபோக வழியே கிடையாது.

பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டதையே பலரும் கேட்கிறார்கள்: "ஏந்தம்பி, ஆத்து மணலைப் போட்டாத்தானே மண்ணு பொலபொலன்னு இருக்கும்?" கையில் அள்ளிப் பார்க்கும்போது அப்படித்தான் தெரியும் ஆச்சி. ஆனால் மணல்மணிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் செம்மண்ணின் நுண்துகள் போய் உட்கார்ந்துவிடும். கால் பங்கு மணல் கலந்த மண் காற்றைக் கூட்டாது, கெட்டிப்படத்தான் செய்யும். மணலால் உண்மையாகவே பலன் வேண்டுமானால் கலவையில் பாதிக்கு மேல் பருமணலாக இருக்க வேண்டும். அப்போது எடை? 10 லிட்டர் காய்ந்த மணலே ஏறக்குறைய 16 கிலோ. பழைய வீட்டு மொட்டைமாடியில் அதை வரிசையாக அடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. எம்-சாண்டில் கல்தூசி வேறு கலந்திருக்கும். அது வேண்டவே வேண்டாம்.

தொட்டியின் அடியில் ஜல்லியோ செங்கல் துண்டோ ஒரு அடுக்கு பரப்பும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். தண்ணீர் நுண்ணிய துளையிலிருந்து பெரிய இடைவெளிக்குத் தானாக இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நிறைந்த பிறகுதான் சொட்டும். நனைந்த பஞ்சைத் தூக்கிப் பிடித்தால் சொட்டு நின்ற பிறகும் அடிப்பக்கம் ஈரம் தேங்கி நிற்குமே, அதேதான். ஜல்லி போட்டால் அந்தத் தேங்கிய ஈரம் வேருக்குப் பக்கமாக மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். துளையை மறைக்க ஒரு ஓட்டுச் சில்லு போதும்.

அடுத்தது தேங்காய் நார்த்தூள், கடையில் 'கோகோபீட்' என்று கட்டியாக விற்பது. 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் பொங்கும். எடை இல்லை, கலக்க எளிது. ஆனால் அதன் முதல் குணம் ஈரம் பிடிப்பது, காற்று தருவது அதற்கு அடுத்துத்தான். புதிதாக இருக்கும்போது இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். நாளாக ஆக இழைகள் மட்கிப் பொடியாகி அமுங்கும், பாதித் தொட்டிக்கு மேல் அதுவே இருந்தால் அடைமழையில் சொதசொதவென்று ஆகிவிடும். பச்சைத் தூளில் உப்பும் துவர்ப்பும் அதிகம். அலசும் தண்ணீர் தேநீர் நிறம் போய்த் தெளியும்வரை அலச வேண்டும். போர்த் தண்ணீரே உப்பாக இருக்கும் வீடுகளில் இது இரட்டைச் சுமை, இலை நுனி கருகும். மட்காத தூளில் கரிமமும் தழைச்சத்தும் 100க்கு 1 என்ற அளவையும் தாண்டிய விகிதத்தில் இருப்பதால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குச் சேர வேண்டிய தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில் சிப்பிக்காளான் வித்தும் டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சேர்த்து மட்கவைக்கிறார்கள். யூரியா வேண்டாம் என்பவர்கள் கோழி எரு சேர்க்கலாம். மட்கிய நார்த்தூளைக் கொஞ்சமாகச் சேர்த்தால் போதும்.

என் கட்சி உமிக்கரி. உமியை முழுக்க எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் மிஞ்சும், அதில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் தாது. அதனால்தான் அது எளிதில் மட்குவதில்லை. பச்சை உமியையே கலந்தாலும் காற்றோட்டம் வரும், ஆனால் உள்ளே தப்பிய நெல் முளைக்கும், கரையான் நடமாடும் கொல்லையில் அதற்கு விருந்து வைத்ததாகவும் ஆகும். கருக்கிவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் போகும். படகு போன்ற உமியின் வடிவம் கருகிய பிறகும் மாறாமல் இருப்பதால் துகளுக்குத் துகள் இடைவெளி நிற்கும். 10 லிட்டர் காய்ந்த உமிக்கரி 2 கிலோகூட வராது.

ஒரு எச்சரிக்கை. அரிசி மில்லில் கேட்டால் பாய்லரில் எரிந்த சாம்பலை அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். வெளுத்துப் பொடியான அந்தச் சாம்பல் வேறு, முழுசாகக் கருத்த உமி வேறு. சாம்பல் நுண்தூள், துளையை அடைக்கும், காரத்தன்மையும் (புளிப்புக்கு, அதாவது அமிலத்துக்கு எதிர்க் குணம்) கூடுதல். வீட்டிலேயே கருக்குவது கடினமில்லை. சுற்றிலும் ஓட்டை போட்ட தகர டின்னுக்குள் சுள்ளி போட்டுத் தீ மூட்டி, மேலே புகைபோக ஒரு குழாயை நிறுத்தி, சுற்றி உமியைக் குவிக்க வேண்டும். உள்ளிருந்து கருப்பு பரவிவரும். வெளியே உள்ள உமியை உள்ளே தள்ளித் தள்ளிக் கிளறி, எல்லாம் கருத்து, வெளுக்கத் தொடங்கும் முன்பே தண்ணீர் தெளித்துப் பரப்பிவிட வேண்டும். அணைந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே கனல் இருக்கும், சாக்கில் கட்ட அவசரப்பட வேண்டாம். புகை நிறைய வரும், துணி காயும் நேரத்தில் செய்யாதீர்கள்.

உமிக்கரிக்குத் துணையாக நம் ஊருக்கென்றே ஒரு பொருள் உண்டு: உடைந்த நாட்டு ஓடு. பழைய வீடு பிரிக்கும் இடமெல்லாம் குவிந்து கிடக்கிறது. சுட்ட மண் என்பதால் மட்காது, அமுங்காது, தன் நுண்துளைகளில் சிறிது ஈரமும் வைத்துக்கொள்ளும். கொண்டைக்கடலை அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்து ஒதுக்கிவிட்டுக் கலக்க வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு ஒட்டிய துண்டுகளைத் தள்ளுங்கள், அது மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் உடைசலும் உதவாது, அது சூளையில் சுட்டதல்ல, சிமெண்டில் வார்த்தது. வெளியூரில் இதே வேலைக்குப் பெர்லைட் வாங்குகிறார்கள். அது சூட்டில் பொரிந்த எரிமலைக் கண்ணாடி. பொருள் நல்லதுதான், ஆனால் ஓடு கிடைக்கும் ஊரில் அதற்குக் காசு செலவழிப்பானேன்?

கடலைத் தோல் ஒரு போகத்துக்குத் தாங்கும், அடுத்த ஆண்டு மட்கி இறங்கிவிடும். கீரைத் தொட்டிக்குச் சரி.

கத்தரி, மிளகாய், தக்காளிக்கு நான் பரிந்துரைக்கும் கலவை, கொள்ளளவுக் கணக்கில்: செம்மண் 2 பங்கு, நன்கு மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் 2, உமிக்கரி 2, ஓட்டுத் துண்டு 1, மட்கிய நார்த்தூள் 1.

இது சரியா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், அளந்துவிடலாம். 10 லிட்டர் கலவையை நன்றாக நனைத்து, துளையை அடைத்த தொட்டியில் நிரப்புங்கள். மேல்மட்டத்தில் தண்ணீர் மினுங்கும்வரை மெதுவாக ஊற்றிவிட்டு, துளையைத் திறந்து, வடியும் தண்ணீரைப் பிடியுங்கள். அந்தத் தண்ணீர் இருந்த இடம்தான் இனி காற்றின் இடம். 1 முதல் 2 லிட்டர் வடிந்தால் நல்ல கலவை. அரை லிட்டருக்குக் குறைந்தால் உமிக்கரியும் ஓடும் கூட்டுங்கள். 3 லிட்டரைத் தாண்டினால் சித்திரையில் தாங்காது, தொழுவுரமும் நார்த்தூளும் சேருங்கள். ஏற்கெனவே செடி வளர்த்த பழைய மண்ணுக்கும் புரட்டாசிக்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது, ஒரு வருடத்தில் உரம் மட்கி மண் அமுங்கியிருக்கும்.

கற்றாழைக்கும் அடினியத்துக்கும் ஓட்டுத் துண்டை இரட்டிப்பாக்கி நார்த்தூளை விட்டுவிடலாம். இட்லிப்பூச் செடிக்கு உமிக்கரியைப் பாதியாகக் குறையுங்கள், அதன் காரத்தன்மையில் இலை மஞ்சளாகும். அந்த இடத்தை ஓட்டுத் துண்டால் நிரப்பினால் காற்றோட்டம் குறையாது.