சைஃபோவ்ரேயா, ஐசெர்வேயா?

விழித்திரையின் நடுப்பகுதி வயதால் சிதையும் உலர் மாகுலர் சிதைவு என்ற நோய் முற்றி, விழித்திரை திட்டுத்திட்டாகக் கருகும் நிலைக்கு ஜியோகிராபிக் அட்ரோபி என்று பெயர். அதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023-இல் சைஃபோவ்ரே, ஐசெர்வே என்ற இரண்டு கண் ஊசிகளை அனுமதித்தது. இரண்டுமே போன பார்வையை மீட்காது. திட்டு பரவும் வேகத்தைத்தான் குறைக்கும்.

தடுக்கும் புரதம் (இரண்டுமே உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்தவை): சைஃபோவ்ரே சி3-ஐ, ஐசெர்வே அதற்கு அடுத்த படியான சி5-ஐ.

அளவு: முன்னது 15 மி.கி., பின்னது 2 மி.கி. இரண்டும் 0.1 மி.லி. என்பதால் ஊசி போட்டதும் கண் அழுத்தம் சற்று ஏறும். அதைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இடைவெளி: சைஃபோவ்ரே 25 முதல் 60 நாளுக்கு ஒருமுறை. ஐசெர்வே மாதாமாதம்.

சோதனை: சைஃபோவ்ரேயின் ஓக்ஸ் சோதனை திட்டு பரவுவதைக் குறைக்கும் 12-ஆம் மாத இலக்கை எட்டியது, டெர்பி தவறியது. ஐசெர்வேயின் கேதர் 1, 2 இரண்டுமே எட்டின.

ஆபத்து: இங்கேதான் யோசிக்க வேண்டும். இரண்டிலும் ஈர வகை மாகுலர் சிதைவு (விழித்திரைக்கு அடியில் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிவது) கிளம்பலாம். சைஃபோவ்ரே சோதனைகளில் 24 மாதத்தில் மாதாந்திர ஊசிக்கு 12%, இரு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு 7%, போலி ஊசிக்கு (ஒப்பீட்டுக்காக, மருந்தில்லாமல் போடுவதுபோல் செய்வது) 3%. ஐசெர்வேயில் 12 மாதத்தில் 7%, போலி ஊசிக்கு 4%. கால அளவு வேறு. நேராக ஒப்பிட முடியாது. சந்தைக்கு வந்தபின் சைஃபோவ்ரேயில் விழித்திரை ரத்தக்குழாய் அழற்சி தெரியவந்தது. அரிதுதான், ஆனால் பார்வையையே பறிக்கலாம். கண் சிவந்தாலோ வலித்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

மாதாமாதம் அலைய முடியாதவருக்கு சைஃபோவ்ரே. ஒரே கண்ணை நம்பியிருப்பவருக்கு ஐசெர்வே என்பேன்.