காசிமேட்டு ஏலச் சத்தமும் ஓர் இலவச மென்பொருளும்

காட்சித் தொடர்பியல் மூன்றாமாண்டு மாணவர்கள் ஐவர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றி 14 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு எனக்கு. படத்தொகுப்பு, நிறச் சீரமைப்பு, ஒலிக்கலவை, வசன வரி என அனைத்தையும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே முடித்தோம். நான்கு மாதம் அதனுடன் மல்லுக்கட்டிய பிறகு எழுதும் மதிப்புரை இது.

இது நிறச் சீரமைப்புக்கென்றே பிறந்த கருவி. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் 2009இல் இதனை வாங்குவதற்கு முன்பு, இதன் விலை பல லட்சம் டாலர். பெரிய திரைப்பட லேப்களில் மட்டுமே இருந்தது. 2011இல்தான் இலவசப் பதிப்பு வந்தது. இன்று அதே நிறப் பகுதியைக் கல்லூரி மாணவி ஒருத்தி விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து பயன்படுத்துகிறாள் என்பதை, சாலிகிராமத்து லேப் வாசலில் முறைக்காகக் காத்திருந்த என் தலைமுறை சற்றுப் பொறாமையுடன்தான் பார்க்கிறது. இலவசப் பதிப்பு 3840×2160 அளவு வரை, நொடிக்கு 60 பிரேம் வரை படத்தை வெளியிடும். கட்டணப் பதிப்புக்குரிய விளைவுகளைத் தொடாதவரை படத்தின்மீது எந்த முத்திரையும் விழாது. மாணவர் படத்துக்கு இதற்குமேல் தேவையில்லை.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால், கோடை விடுமுறையில் வலை சீரமைப்பதையும் படகுக்கு வண்ணம் பூசுவதையும் எடுத்துவிட்டு, தடை நீங்கியபின் விடியற்கால ஏலத்துக்குச் சென்றோம். முதல் நாள் எடுத்த ஏலக்காட்சி முழுவதிலும் விளக்கொளி பட்டை பட்டையாக ஓடியது. மென்பொருள் மீது பழி போட மாணவர்கள் தயாராக இருந்தார்கள், பழி எங்களுடையது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கைப்பேசியோ 30 பிரேமில், தன்விருப்பப்படி ஷட்டர் வேகத்தை மாற்றிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் அந்தப் பட்டைகள். பிளாக்மேஜிக் நிறுவனமே 2023இல் ஐபோனுக்கும் 2024இல் ஆண்ட்ராய்டுக்கும் வெளியிட்ட இலவசக் கேமரா செயலியில் 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிட்டு மறுபடியும் எடுத்தபோது பட்டைகள் மறைந்தன. சோடியம் விளக்கின் ஆரஞ்சும் எல்இடியின் வெண்மையும் விடியலின் நீலமும் ஒரே முகத்தில் விழுந்த காட்சிகளை நோட் எனப்படும் தனித்தனித் திருத்தக் கட்டங்களாகப் பிரித்துச் சரிசெய்த நாளில்தான் இந்த மென்பொருளின் அருமை மாணவர்களுக்குப் புரிந்தது.

பிரேம் எண்ணிக்கையில் இன்னொரு கண்ணியும் உண்டு. புதிய திட்டத்தில் முதல் காட்சியைப் போடும்போது, திட்டத்தின் பிரேம் வேகத்தை அதற்கேற்ப மாற்றட்டுமா என்று அது கேட்கும். அந்தப் பழைய 30 பிரேம் துண்டை முதலில் போட்டுவிட்டு ஒரு மாணவர் யோசிக்காமல் ஆம் என்று சொல்லிவிட, காட்சிகள் உள்ளே வந்தபின் அந்த அமைப்பு பூட்டிக்கொண்டது. இரண்டு நாள் வேலையைப் புதிய திட்டத்தில் மறுபடியும் செய்தோம்.

ஒலியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். இந்த மென்பொருளில் ஒலிக்கென்றே உள்ள ஃபேர்லைட் பகுதி ஒரு முழு ஒலிக்கூடம். ஆனால் பேச்சை மட்டும் பிரித்தெடுத்துப் பின்னணி இரைச்சலை அடக்கும் வசதி 295 டாலர் விலையுள்ள ஸ்டுடியோ என்னும் கட்டணப் பதிப்பில்தான் இருக்கிறது. ஏலம் கூறும் அம்மா ஒருவரின் பேட்டியில் கடற்காற்று மைக்கில் மோதி, வஞ்சிரத்தின் விலையைத் தவிர ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஸ்டுடியோ வாங்கினால் தீர்ந்துவிடும் என்று மாணவர்கள் கெஞ்சினார்கள். நான் மறுத்தேன். காசிமேட்டில் கூச்சலைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது காசிமேடு அல்ல. தவிர, காற்று அடித்துச் சிதைந்த சொல்லை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. ரிச்சி தெருவில் வாங்கிய சட்டைக்காலர் மைக்குக்குப் பஞ்சுபோன்ற காற்றுத்தடுப்பு உறை மாட்டி, அதே அம்மாவிடம் மீண்டும் போய் நின்றோம். “மறுபடியும் முதல்லேர்ந்தா தம்பி?” என்று அலுத்துக்கொண்டாலும், முதல் முறையைவிட நன்றாகப் பேசினார். ஏலக் கூச்சலைத் தனியாகப் பத்து நிமிடம் பதிவுசெய்து வைத்திருந்ததால், பேச்சுக்கு அடியில் அதை வேண்டிய அளவு ஏற்றவும் இறக்கவும் முடிந்தது. இதற்கு இலவச ஃபேர்லைட் தாராளமாகப் போதும்.

கணினி விஷயத்தில் இந்த மென்பொருள் இரக்கமற்றது. 8 ஜிபி நினைவகமுள்ள எங்கள் மடிக்கணினி ஒன்றில் காட்சிகள் நொண்டின. ப்ராக்ஸி எனப்படும் சிறிய நகல்களை உருவாக்கிய பிறகே தொகுக்க முடிந்தது. புதிதாகக் கணினி வாங்குவோர் 16 ஜிபியும் தனி கிராபிக்ஸ் அட்டையும் இருப்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. திட்டம் தனிக் கோப்பாக இல்லாமல் தரவுத்தளத்துக்குள் சேமிக்கப்படுவதால், வேறு கணினிக்குக் கொண்டுசெல்லும்போது காட்சிகளையும் சேர்த்து ஆர்க்கைவ் செய்ய வேண்டும். திட்டக் கோப்பை மட்டும் பென் டிரைவில் கொண்டுவந்து, ஆய்வகத்தில், காட்சிகளைக் காணவில்லை என்று சொல்லும் சிவப்புத் திரையைப் பார்த்து விழித்த அனுபவம் எங்களுக்கும் உண்டு.

மென்பொருளின் இடைமுகம் தமிழில் இல்லை. நிறுவனம் இலவசமாகத் தரும் பயிற்சி நூல்களை ஆங்கிலத்தில்தான் படித்தோம். வசன வரிகளைத் தட்டச்சு செய்ய உதவியவர் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்துவிட்டதால், யூனிகோடுக்கு மாற்றி, கொம்பையும் காலையும் வரிவரியாகச் சரிபார்க்க ஒரு மாலை முழுவதும் போயிற்று.

அடுத்த ஆண்டுக்காகத் துறைக்கு ஒரு ஸ்டுடியோ உரிமம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். ஓர் உரிமத்தை இரண்டு கணினிகளில் இயக்கலாம், இருட்டில் எடுத்த காட்சிகளின் புள்ளிகளை நீக்கும் வசதியும் அதில் உண்டு. ஆனால் அதே விண்ணப்பத்தில், அதற்கு மேலே, முதல் வரியாக எழுதியிருப்பது நான்கு காற்றுத்தடுப்பு உறைகள்.