பழைய நெட்புக்குக்கு எந்த ஓஎஸ்? முதலில் கிராபிக்ஸ் சிப்பைப் பாருங்கள்

பழைய நெட்புக்கில், அதாவது குட்டி லேப்டாப்பில், எந்த ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி இயங்குதளம்) போடலாம் என்று யார் கேட்டாலும், பிராசஸர் நம்பரைச் சொல்லுங்கள் என்பேன். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் எது என்று அதிலேயே தெரிந்துவிடும். இன்டெலின் ஆட்டம் (Atom) பிராசஸரில் என்270 என்றால் கிராபிக்ஸ் பெரும்பாலும் ஜிஎம்ஏ 950, என்450 என்றால் ஜிஎம்ஏ 3150. இரண்டுக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே ஐ915 டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) உண்டு, கவலையே இல்லை.

வம்பு எல்லாம் 2011 கடைசியில் வந்த என்2600-இல்தான். அதிலுள்ள ஜிஎம்ஏ 3600, பவர்விஆர் எஸ்ஜிஎக்ஸ் 545 என்ற வெளி நிறுவன வடிவமைப்பு. இன்டெல் இதற்கு 32 பிட் விண்டோஸ் 7 டிரைவரோடு நிறுத்திக்கொண்டது.

அதனால் வேகத்தை மட்டும் பார்த்தால் விண்டோஸ் 7-ஐ அடிக்க ஆளில்லை. எச்.264 என்ற வகை வீடியோவைச் சிப்பே பார்த்துக்கொள்ளும், படம் தடங்கல் இல்லாமல் ஓடும். ஆனால் 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, குரோமும் 109-ஆம் பதிப்போடு சரி. இணையத்தில் இணைக்காமல் படம் பார்க்க, பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளலாம். பேங்க் வேலைக்கு இதைத் தொடவே வேண்டாம்.

விண்டோஸ் 10 நிறுவிவிடலாம், ஏறவும் ஏறும். டிரைவர் இல்லாததால் மைக்ரோசாப்ட்டின் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவர்தான் கிடைக்கும். திரையோ 1024×600. அந்த அளவு பட்டியலில் வராமல் 800×600-இல் இழுத்து நிரப்பினால் வட்டமெல்லாம் முட்டையாகத் தெரியும். மூடியைச் சாத்தினால் ஸ்லீப்புக்கும் போகாது. அதற்கும் 2025 அக்டோபரில் ஆதரவு முடிந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு இதைப் போடுவதில் எனக்கு ஒரு லாபமும் தெரியவில்லை.

என் ஓட்டு லினக்ஸ் வகையான 32 பிட் டெபியன் 12-க்கு. கர்னலில் உள்ள ஜிஎம்ஏ500 டிரைவர் 1024×600-ஐத் தானாகவே பிடித்துக்கொள்ளும். முதல் தடவை திரை வந்தபோது எழுத்தின் ஓரங்கள் அவ்வளவு கூர்மையாக இருந்தன, எனக்கு அப்படியொரு நிம்மதி. குறை என்னவென்றால் 3டி முடுக்கம் கிடையாது, அதாவது 3டி வரையும் வேலையைக் கிராபிக்ஸ் சிப் செய்யாது, அந்தச் சுமை முழுக்கப் பிராசஸர் தலையில் விழும். அதனால் க்னோம் என்ற கனமான டெஸ்க்டாப் பக்கம் போகாதீர்கள். லேசான எல்எக்ஸ்டிஇ அல்லது ஐஸ்டபிள்யூஎம் போதும். வீடியோவை 360பி-யில் பாருங்கள், அதற்கு மேல் திணறும். டைப் செய்ய, பிடிஎஃப் படிக்க, மெயில் பார்க்கத் தாராளம்.

ஒன்று மட்டும் கவனம்: டெபியன் 13-இல் 32 பிட் கர்னலும் இன்ஸ்டாலரும் கிடையாது. டெபியன் 12-இன் ஐஎஸ்ஓவை (நிறுவும் கோப்பை) இப்போதே இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு வைத்துவிடுங்கள்.