ஜிமெஷ்: எலிமென்ட் அளவு எவ்வளவு தூரம் நம் கைக்குள் இருக்கிறது?

ஒரு பொருளை எலிமென்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்து அதன் நடத்தையைக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் பகுப்பாய்வுக்கு, அந்தத் துண்டுகளின் வலையான மெஷை உருவாக்கித் தரும் இலவச மென்பொருள்களில், எலிமென்ட் அளவைக் கட்டுப்படுத்தும் விஷயத்தில் ஜிமெஷையே நான் முதலிடத்தில் வைப்பேன். கிறிஸ்டோஃப் கியூசேன், ழான் ஃபிரான்சுவா ரெமாக்ல் ஆகியோர் உருவாக்கிய இது ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் கிடைக்கிறது. முகப்புத் திரை கண்ணுக்கு அழகானதல்ல. வேலையைப் பெரும்பாலும் ஸ்கிரிப்டில் செய்வதால் அது ஒரு குறையாகத் தெரிவதில்லை.

இதன் பலம், அளவை இடத்துக்கு இடம் மாறும் ஒரு சார்பாகக் கொடுக்க முடிவதுதான். 200 மி.மீ. அகலமுள்ள தகட்டின் நடுவில் 20 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை இருப்பதாகக் கொள்வோம். தகட்டை இழுக்கும்போது துளை விளிம்பில் தகைவு (ஓரலகு பரப்பில் உள்ளே எழும் விசை) ஏறத்தாழ 3 மடங்காக உயர்வதால் அங்கே மெஷ் பொடியாக இருந்தே தீர வேண்டும். தகட்டின் ஓரத்தில் அதே பொடி மெஷ் வெட்டிச் சுமை. துளையிலிருந்து தூரத்தை அளக்கும் டிஸ்டன்ஸ் ஃபீல்டு ஒன்றை அமைத்து (ஃபீல்டு என்பது இடத்துக்கு இடம் மாறும் அத்தகைய சார்பு), அதன்மேல் அந்தத் தூரத்தை எலிமென்ட் அளவாக மாற்றும் த்ரெஷோல்டு ஃபீல்டை வைத்து, 2 மி.மீ. தூரம் வரை 0.5 மி.மீ., 30 மி.மீ.க்கு அப்பால் 8 மி.மீ. என்று கொடுத்தால், இடைப்பட்ட பகுதியில் அளவு படிப்படியாக ஏறிக்கொள்கிறது.

புதியவர்கள் திணறுவது இதற்குப் பிறகுதான். புள்ளிகளில் குறித்த அளவும், எல்லைக் கோட்டிலிருந்து உள்ளே பரவும் அளவும், இயக்கியிருந்தால் வளைவைக் கொண்டு கணக்கிடும் அளவும் ஃபீல்டோடு சேர்ந்தே கணக்கில் வருகின்றன. அவற்றுள் எது சிறியதோ அதுவே நிற்கும். ஃபீல்டு சொன்னபடி மெஷ் அமையவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மென்பொருளுடன் வரும் பத்தாவது பயிற்சிக் கோப்பு இம்மூன்றையும் அணைத்துவிட்டுத்தான் ஃபீல்டை நம்புகிறது. கையேட்டின் நீண்ட பட்டியலைப் புரட்டுவதைவிட அந்த ஒரு கோப்பை ஊன்றிப் படிப்பது மேல்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. டிஸ்டன்ஸ் ஃபீல்டு ஒரு வளைகோட்டைச் சில மாதிரிப் புள்ளிகளாகவே பார்க்கிறது. நீளமான வெல்டிங் கோட்டுக்குப் புள்ளிகள் போதாமல் போனால், கோடு நெடுகச் சீராக இருக்க வேண்டிய பொடி மெஷ் மணி கோத்தாற்போல் ஆங்காங்கே மட்டும் திரண்டு நிற்கும். அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் சாம்ப்ளிங் எண்ணை உயர்த்தினால் சரியாகிவிடுகிறது. அளவு சட்டென்று மாறும் இடங்களில் மெஷ் பின்னும் வழிமுறைகளில், மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் ஃப்ரன்டல் முறையைவிட டெலோனே முறை நன்றாகச் சமாளிக்கிறது.

விடை மெஷ் அளவைச் சாராமல் நிலைக்கிறதா என்று சோதிக்க மெஷ்சைஸ்ஃபாக்டர் என்ற ஒற்றை எண் போதும். எல்லா அளவுகளையும் அது ஒரே விகிதத்தில் பெருக்கிவிடுகிறது. முப்பரிமாணத்தில் அதைப் பாதியாக்கினால் எலிமென்ட் எண்ணிக்கை ஏறத்தாழ 8 மடங்காகும் என்பதால் கணினியின் நினைவகத்தைப் பார்த்துக்கொண்டு குறைப்பது நல்லது. ஆரம் கொடுக்காத கூர்மையான உள்மூலையில் எவ்வளவு குறைத்தாலும் தகைவு ஏறிக்கொண்டேதான் போகும். அங்கே திருத்த வேண்டியது வரைபடத்தை, மெஷை அல்ல.