சாச்சுக்கா, பிளான்ட்டா? என் ஓட்டு முகமூடிக்காரருக்கு

1950களின் ஐஸ் ஹாக்கியில் சிறந்த கோல்கீப்பர் யார் என்ற வழக்கு டெட்ராய்ட் ரெட் விங்ஸின் டெர்ரி சாச்சுக், மான்ட்ரியால் கனேடியன்ஸின் ஷாக் பிளான்ட் என்ற இருவரில்தான் வந்து முட்டும். அதே காலத்து இன்னொரு கீப்பரான கிளென் ஹாலின் ரசிகர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். ஐந்து வருடத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்டால் மறுபேச்சில்லாமல் சாச்சுக். முழுத் தொழில் வாழ்க்கையையும் எடை போட்டால் பிளான்ட்.

சாச்சுக்கின் உச்சத்தைப் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. 1950-51 தொடங்கி ஐந்து சீசன்களிலும் ஒரு மேட்சுக்குச் சராசரியாக இரண்டு கோல்கூட விடவில்லை. 1952 பிளே-ஆஃபில், அதாவது சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில், 8 மேட்ச், 8 வெற்றி, விட்டது மொத்தம் 5 கோல். சொந்த மைதானத்தில் ஒன்றுகூட இல்லை. எதிரணிக்கு ஒரு கோலும் கொடுக்காத 103 லீக் (வட அமெரிக்காவின் NHL) மேட்சுகள் என்ற அவருடைய சாதனை 2009 வரை நின்றது. பிளான்ட்டின் கணக்கு 82தான்.

கோப்பையில் பிளான்ட் முந்துகிறார்: லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை 6க்கு 4, கீப்பர்களுக்கான வெசினா விருது 7க்கு 4. ஆனால் இதை வைத்து நான் வாதாட மாட்டேன். அன்றைய வெசினா, குறைவாகக் கோல் வாங்கிய அணியின் கீப்பருக்குத் தானாகப் போய்ச் சேரும் விருது. பிளான்ட்டுக்கு முன்னால் நின்று தடுத்தவரோ அக்காலத்தின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் டக் ஹார்வி. அடித்ததில் எத்தனை சதவீதம் தடுத்தார்கள் என்று பார்க்கலாமென்றால், லீக்கின் அதிகாரபூர்வக் கணக்கே 1955-56இல்தான் தொடங்குகிறது. சாச்சுக்கின் பொற்காலம் அதற்குள் முடிந்துவிட்டது.

எனக்கு முடிவைச் சொல்வது பராமரிப்பு. அதாவது, உடம்பை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பது.

அன்றைக்கு லீக்கில் ஆறே அணிகள், சீசனுக்கு 70 மேட்ச், அணிக்கு ஒரே கீப்பர். மாற்றுக் கீப்பர் பெஞ்சில் உட்காரும் விதியெல்லாம் 1960களின் நடுவில்தான் வந்தது. ஆகவே மொத்தம் ஆறே நாற்காலி. முகம் கிழிந்தால் மேட்சை நிறுத்திவைத்துத் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வரவேண்டும். வராவிட்டால் நாற்காலி இன்னொருவருக்கு. இது வெறும் பயமில்லை: 1955இல் கோப்பையை வென்ற கையோடு டெட்ராய்ட் சாச்சுக்கை பாஸ்டனுக்குத் தள்ளிவிட்டது. காரணம், இளைஞர் ஹால் தயாராக இருந்தார்.

மேலே வந்து மோதுவது என்னவென்றும் பார்க்கவேண்டும். பக் என்பது 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், சுமார் 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வில்லை. துள்ளக்கூடாது என்று உறையவைத்து எடுத்து வருவார்கள். சாச்சுக்கின் பாணியோ முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்திக் குந்துவது. ஆட்டக்காரர்களின் கால்களுக்கு நடுவே பக்கைப் பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அந்த நிலையில் முகம் பக் பறக்கும் உயரத்துக்கே இறங்கிவிடும். 1962இல் மாஸ்க் போடும்வரை முகத்தில் விழுந்த தையல் சுமார் 400. சிறுவயதில் அடிபட்டுச் சரியாகக் கூடாத வலது முழங்கை அறுவைசிகிச்சைகள் தனிக்கணக்கு.

பிளான்ட்டும் அடிபட்டவர்தான்; பயிற்சியிலேயே கன்ன எலும்பு உடைந்திருக்கிறது. வித்தியாசம், அவர் அதை விதியென்று விடவில்லை. ஃபைபர்கிளாஸ் நிறுவனத்தில் இருந்த பில் பர்ச்மோரோடு சேர்ந்து சொந்த அளவில் மாஸ்க் செய்துகொண்டார். தலையில் பெண்கள் அணியும் காலுறையை மாட்டி, முகமெங்கும் வாசலின் தடவி, மூச்சுக்கு மூக்கில் ஸ்ட்ரா செருகி, மேலே பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்தார்கள். அந்த அச்சின்மேல் ஃபைபர்கிளாஸும் ரெசினும் அடுக்கடுக்காக.

மான்ட்ரியால் பயிற்சியாளர் டோ பிளேக் மேட்சில் அதை அனுமதிக்கவில்லை. 1959 நவம்பர் 1, நியூயார்க்: எதிரணியின் ஆண்டி பாத்கேட் அடித்த பக் மூக்கோரம் கிழித்தது. தையல் போட்டு வந்த பிளான்ட், மாஸ்க் இல்லாமல் இறங்கமாட்டேன் என்றார். வேறு கீப்பர் இல்லை. பிளேக் என்ன செய்வார்? மான்ட்ரியால் 3-1 என வென்றது. (1930இலேயே கிளின்ட் பெனடிக்ட் தோல் முகமூடி போட்டுப் பார்த்துக் கைவிட்டிருந்தார். நிலைத்தது பிளான்ட்டுடையதுதான்.)

பிளேக்கின் ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமலில்லை. முதல் மாஸ்க்கில் காலடியில் கிடக்கும் பக் சரியாகத் தெரியாது. முகத்தோடு ஒட்டி உட்கார்வதால் தோல் கிழியாதே தவிர அடி நேராக எலும்பில் இறங்கும். வியர்வையும் வெக்கையும் வேறு. அதனால் அடுத்த வருடமே ஃபைபர்கிளாஸ் இழைகளாலான கம்பிகளைப் பின்னி, காற்றுப் புகும்படி எடை குறைந்த மாஸ்க்குக்கு மாறினார். பொழுதுபோக்காகக் கம்பளித் தொப்பி பின்னுகிற மனிதர், பொருத்தம்தான்!

இதோடு ஒரு பழக்கமும் உண்டு. கோல் வட்டத்தை விட்டு வெளியே வந்து, வலைக்குப் பின்னால் ஓடும் பக்கைத் தானே நிறுத்தித் தன் ஆட்டக்காரருக்குத் தள்ளிவிடுவார். எதிராளி அடிக்கும் வாய்ப்பே குறையும்.

பிளான்ட் நெடுங்காலம் ஆடியதற்கு மாஸ்க் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 1960களின் பிற்பகுதியில் இரண்டு கீப்பர்கள் மாறிமாறி ஆடும் வழக்கமும் வயதானவர்களுக்குக் கைகொடுத்தது. சாச்சுக்கும் 37 வயதில் டொராண்டோவுக்காக ஜானி போவருடன் பங்கிட்டு ஆடி 1967 கோப்பையை வென்றார். அவரைக் குடியும் அரித்தது.

1970 மே மாத இறுதிப்போட்டியில், செயின்ட் லூயிஸ் அணிக்கு ஆடிய பிளான்ட்டின் நெற்றியில் பாய்ந்த பக் மாஸ்க்கையே உடைத்தது. மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனார். மாஸ்க்தான் உயிரைக் காப்பாற்றியது என்றார். அதே மாதம் 31ஆம் தேதி சாச்சுக் நியூயார்க்கில் இறந்தார், வயது 40. பக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அணித்தோழர் ஒருவருடன் நடந்த கைகலப்பில் பட்ட உள்காயம். அடுத்த சீசனில் டொராண்டோவுக்காக இறங்கிய பிளான்ட் 42 வயதில் விட்ட கோல் சராசரி மேட்சுக்கு 1.88, லீக்கிலேயே குறைவு.