தாய்லாந்து யூபோர்பியா: செடிக்கு முழு மதிப்பெண், அது வரும் தொட்டிக்குப் பாதிகூட இல்லை

மொட்டை மாடியில் கத்திரி வெயிலைத் தாங்க வேண்டும், வருடம் முழுக்கப் பூக்க வேண்டும், இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் வாடக்கூடாது. இப்படிக் கேட்பவர்களுக்கு நர்சரியில் காட்டப்படும் செடிகளில் தாய்லாந்து யூபோர்பியா கட்டாயம் இருக்கும். உள்ளங்கை நீள இலை, கட்டைவிரல் கனத் தண்டு, சுற்றிலும் முள், உச்சியில் கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை, இரண்டு நிறம் கலந்த பூக்கள். அந்த மூன்று எதிர்பார்ப்புகளையும் இந்தச் செடி நிறைவேற்றும். ஆனால் வாங்கி வந்த முதல் மழைக்காலத்திலேயே அழுகிப்போனது என்ற புகாரும் இதற்குத்தான் அதிகம். அந்தப் புகாருக்குக் காரணம் பெரும்பாலும் செடி இல்லை, அது நட்டு விற்கப்படும் தொட்டிக் கலவைதான்.

முதலில் செடியின் குணம். இது நம் ஊர் வேலியோரத்துச் சதுரக்கள்ளிக்கும், மழைக்குப் பின் தரையில் முளைக்கும் அம்மான் பச்சரிசிக்கும் நெருங்கிய சொந்தம். மூன்றையும் கிள்ளினால் பால் வரும். சொந்த ஊர் மடகாஸ்கர். ரியூனியன் தீவின் ஆளுநராக இருந்த மிலியஸ் 1821-இல் இதைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார். ‘யூபோர்பியா மில்லி’ என்ற பெயர் அவரை ஒட்டி வந்தது. இந்த மில்லியை லோஃபோகோனா என்ற இன்னொரு மடகாஸ்கர் கள்ளியுடன் சேர்த்ததில் பிறந்தவை லோமி கலப்பினங்கள். தடித்த தண்டும் பெரிய பூவும் அந்த வழியில் வந்தவை. தாய்லாந்தில் இதை ‘போய்சியன்’ என்பார்கள். சீன மரபில் வரும் எட்டுச் சித்தர்களைக் குறிக்கும் சொல் அது. ஒரு கொத்தில் எட்டுப் பூ வந்தால் வீட்டுக்கு நல்லது என்று அங்கே நம்புகிறார்கள். பெரிய பூவும் நெருக்கமான கொத்தும் உள்ள ரகங்களை அங்குள்ள வளர்ப்பாளர்கள் விடாமல் தேர்ந்தெடுத்து வந்ததற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

இதழ் என்று நாம் ரசிப்பது இதழ் இல்லை. காகிதப்பூவில் நிறமாகத் தெரிவது எப்படிப் பூவடிச் செதிலோ, அதாவது பூவை ஒட்டி நிறம் மாறி வரும் இலையோ, இங்கும் அப்படித்தான். உண்மையான பூ நடுவில் இருக்கும் சின்னஞ்சிறு மஞ்சள் குமிழ். ஒரு கொத்து வாரக்கணக்கில் உதிராமல் நிற்பதற்கும், வயதானதும் ஓரங்களில் பச்சை ஏறுவதற்கும் இதுவே காரணம். பச்சை ஏறினால் நோய் என்று பயந்து மருந்தடிக்க வேண்டாம், கொத்தைக் காம்போடு கிள்ளிவிட்டால் போதும்.

வாங்கும்போது பூவைப் பார்ப்பதற்கு முன் தண்டின் அடியைப் பாருங்கள். மண்மட்டத்தில் விரலால் மெல்ல அழுத்தினால் கல்போல இருக்க வேண்டும். கொஞ்சம் அமுங்கினாலும், அந்த இடம் கறுத்திருந்தாலும், மேலே எத்தனை கொத்துப் பூ இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஒட்டுச்செடியானால் மெலிந்த அடித்தண்டும் தடித்த மேல்தண்டும் சேரும் இடத்தில் தழும்பு தெரியும். அங்கே பிளாஸ்டிக் நாடா சுற்றியபடியே இருந்தால், ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்து அதை அவிழ்த்துவிடுங்கள். விட்டால் தண்டு பெருக்கும்போது கழுத்தை நெரிக்கும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை உடனுக்குடன் எடுத்துவிட வேண்டும். அது அடிச்செடியின் கிளை, வளரவிட்டால் ஓராண்டில் மேலே இருக்கும் ரகத்தை அமுக்கிவிடும்.

நிறம் வேண்டுமென்றால் பூத்திருக்கும் செடியை நேரில் பார்த்து வாங்குவதே நல்லது. வெயிலின் அளவுக்கு ஏற்ப ஒரே செடியில் நிறம் கூடும், குறையும் என்பதால் படத்தை நம்பி ஆர்டர் செய்தால் ஏமாற்றம் மிஞ்சலாம். நீலநிற யூபோர்பியா என்று வரும் படங்கள் எல்லாமே கணினியில் நிறம் மாற்றியவை. விதைப் பொட்டலமும் வேண்டாம். கலப்பினத்தின் விதை தாயைப் போல முளைக்காது, பழசானால் முளைக்கவே முளைக்காது.

இனி அந்தத் தொட்டி. இந்தச் செடிகள் பெரும்பாலும் நாலைந்து அங்குலப் பிளாஸ்டிக் தொட்டியில், ஏறக்குறைய முழுக்கத் தேங்காய் நார்க்கழிவில் வருகின்றன. விற்பவருக்கு அது வசதி: எடை குறைவு, லாரியில் ஏற்றலாம், நிழல்வலைக்குள் அளந்து நீர் விடும்வரை செடியும் நன்றாகவே இருக்கும். நம் வீட்டில் அதே கலவை இரண்டு விதமாகக் கெடுக்கும். சித்திரை வெயிலில் முழுக்கக் காய்ந்தால் ஓரம் சுருங்கி, ஊற்றும் தண்ணீர் வேர்ப்பந்தைத் தொடாமல் பக்கவாட்டில் இறங்கிப்போகும். ஐப்பசி மழையில் நனைந்தால் நாள்கணக்கில் ஈரம் விடாது. கள்ளி வேர் காற்றுக்கு ஏங்கும் வேர். மூன்று நாள் சேர்ந்தாற்போல ஈரத்தில் மூச்சுமுட்டினால் வேர்நுனி சாகும், அந்த வழியாகப் பூஞ்சை ஏறும். செடியின் விலைக்கு நல்ல கலவையில் வைத்துத் தர முடியும் என்பதே எங்கள் குறை. குறைந்தது ‘மாற்று மண்ணில் நடவும்’ என்று ஒரு சீட்டாவது கட்டித் தரலாம்.

வந்த அன்றே மண் மாற்ற வேண்டாம். பெட்டியில் பயணப்பட்ட செடி இலையை உதிர்க்கும், அது இயல்பு. ஒரு வாரம் வெளிச்சமான நிழலில் வைத்து, தண்ணீரைக் குறைத்து, புதுத் துளிர் எட்டிப் பார்த்ததும் மாற்றுங்கள். கலவை அளவு இது: செம்மண் மூன்று பங்கு, கரடுமுரடான மணல் மூன்று, கடலை அளவுக்கு உடைத்த செங்கல் அல்லது பெர்லைட் (இலேசான வெள்ளைக் கல் துகள்) இரண்டு, நன்கு மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் இரண்டு. பத்து அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. ஆற்றுமணல் கிடைக்காமல் எம்-சாண்ட் பயன்படுத்தினால் சலித்து, தூசி போகும்வரை அலசுங்கள். அந்த மாவுத்தூள்தான் வடிகாலை சிமெண்ட் போல அடைத்துவிடும். கலவை சரியா என்று பார்க்கத் தொட்டி நிறைய நீர் ஊற்றுங்கள். அரை நிமிடத்துக்குள் மேற்பரப்பில் நீர் நிற்காமல் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் இன்னும் ஒரு பங்கு செங்கல் துண்டு சேர்க்க வேண்டும்.

வேர்ப்பந்தின் வெளிப்புறத்து நார்க்கழிவை விரலால் உதிர்த்து, நடுப்பகுதியை அப்படியே விட்டு நடலாம். நாலு அங்குலத்திலிருந்து ஒரேயடியாகப் பன்னிரண்டு அங்குலத்துக்குத் தாவக்கூடாது. முதலில் ஏழெட்டு அங்குலம், வேர் நிரம்பியபின் பத்து. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். பழைய மண்மட்டத்துக்கு மேல் தண்டைப் புதைக்காதீர்கள். நட்டபின் நாலைந்து நாள் தண்ணீர் வேண்டாம், அறுபட்ட வேர் ஆற அந்த அவகாசம் தேவை. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காமல் இரண்டு செங்கல் மேல் உட்கார வையுங்கள்.

வெயில் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் வேண்டும். பால்கனியில் இரண்டு மணி நேர வெயிலில் இலை செழிக்கும், பூ குறையும், தண்டு வெளிச்சத்தைத் தேடி நீளும். ஆனால் நிழல்வலையில் வளர்ந்த செடியை நேராக மாடி வெயிலில் வைத்தால் இலையும் இளந்தண்டும் வெந்துபோகும். முதல் வாரம் காலை வெயில் மட்டும், பிறகு மெல்லக் கூட்டலாம். தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள். கோடையில் மாடியில் இது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகலாம், மார்கழியில் வாரம் ஒருமுறை போதும். ஊற்றும்போது மண்ணில் மட்டும். பூவில் நீர் தேங்கினால் கரும்புள்ளி விழும். வடகிழக்குப் பருவமழை முழுக்கத் தாழ்வாரத்திலோ ஷெட் ஓரத்திலோ வைக்க முடிந்தால் செடிக்குப் பாதி ஆயுள் கூடியது போல. ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும், மண்மேல் வெள்ளைப் படலம் படியும். மாதம் ஒருமுறை மழைநீரோ நல்ல தண்ணீரோ தாராளமாக ஊற்றி உப்பை வடியவிடுங்கள்.

பூ இல்லை என்று வருபவர்களில் பெரும்பாலோர் உரத்தைக் கூட்டியவர்கள். தழைச்சத்து மிகுந்தால் இலை தட்டு அளவுக்கு வரும், தண்டு மெத்தென்று ஆகி அழுகலுக்கு வழிவிடும். ஒன்றரை மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், பூக்கும் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்). இதற்கு மேல் தேவையில்லை. இன்னொரு காரணம் கவாத்து செய்யாமை. பூக்காம்பு புதிய வளர்ச்சியில், நுனியை ஒட்டிய இலைக்கணுக்களில்தான் வரும். தாய்லாந்து ரகத்தின் தடித்தண்டு தானாகக் கிளை விடுவது குறைவு. ஒற்றைக் கம்பாக உயர்ந்துவிட்ட செடியை மழை ஓய்ந்தபின், தை மாதத்தில் ஏழெட்டு அங்குல உயரத்தில் வெட்டினால் கீழே இரண்டு மூன்று துளிர் கிளம்பும். மூன்று நுனி இருந்தால் மூன்று கொத்து.

வெட்டிய துண்டு வீணில்லை. நான்கு அங்குலத் துண்டின் வெட்டுவாயைத் தண்ணீரில் அலசிப் பால் நின்றதும், நிழலில் ஐந்து நாள் காயவிட்டு, வெறும் மணலில் ஓர் அங்குலம் ஊன்றினால் சுமார் ஒன்றரை மாதத்தில் வேர்விடும். காயவிடும் படியைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் துண்டு அழுகுகிறது.

அழுகல் வந்த செடியையும் இதே முறையில் காப்பாற்றலாம், நேரத்தோடு கண்டுபிடித்தால். அடியிலிருந்து ஓரிரு இலை மஞ்சளாகி விழுவது வயது. நுனி இலைவரை ஒரே வாரத்தில் மஞ்சளாகி, மண் ஈரமாக இருந்தும் தண்டு சுருங்கினால் வேர் போய்விட்டது. உடனே பிடுங்கி, பழுப்பு வளையம் துளியும் இல்லாத வெள்ளைத் தசை தெரியும்வரை மேல்நோக்கி வெட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். பால் பளிச்சென்று கொட்டினால் அந்தத் துண்டு பிழைக்கும். கார்பன்டசிம், மேங்கோசெப் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு இரண்டு கிராம் கரைத்து வெட்டுவாயை நனைத்து, காயவைத்து, புது மணலில் ஊன்றுங்கள். பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

பூச்சியில் முக்கியம் மாவுப்பூச்சி. முட்களுக்கு நடுவில் பஞ்சுபோல ஒட்டியிருக்கும். எறும்பு ஏறுகிறது என்றால் அது அங்கே இருக்கிறது என்று அர்த்தம். பழைய பல்துலக்கியால் தேய்த்து, தண்ணீரைப் பீச்சி அடித்தாலே பெரும்பகுதி போகும். வேப்பெண்ணெய் அடிக்கும்போது ஓர் எச்சரிக்கை: சோப்புக் கரைசல் இந்தச் செடியின் இலையைச் சுடக்கூடும். வேறு செடிகளுக்கு அடிக்கும் அதே கலவையை இதற்கு அப்படியே அடிக்காதீர்கள். லிட்டருக்கு மூன்று மில்லி எண்ணெய், அது கலங்கும் அளவுக்கு மட்டும் சோப்பு. ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பார்த்து, பிறகு முழுச் செடிக்கும் மாலையில் மட்டும் அடியுங்கள்.

பால் வடியும் முள்செடி வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் அந்தப் பால் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் கடும் வேதனை தரும், வாயில் போனால் நஞ்சு. நத்தைகளைக் கொல்ல இதே பாலைப் பயன்படுத்த முடியுமா என்று பிரேசிலில் ஆய்வே செய்திருக்கிறார்கள். வெட்டும்போது தடித்த கையுறையும் கண்ணாடியும் வேண்டும். தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் அலசிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். தவழும் குழந்தையோ, செடியைக் கடிக்கும் நாயோ உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வைக்க இடமில்லை என்றால் வாங்கவே வேண்டாம்.

டிசம்பரில் சிவப்பாக அடுக்கிவைக்கும் பாயின்செட்டியாவும் இதே குடும்பம்தான். அது மறுபடி சிவக்க, வாரக்கணக்கில் தினமும் பதினான்கு மணி நேரம் தொடர்ந்து முழு இருட்டு வேண்டும். தெருவிளக்கு விழும் மாடியில் அது நடக்காத காரியம், அந்தக் காசை யூபோர்பியாவில் போடலாம். மழைநீர் ஒதுங்க இடமே இல்லாத திறந்த மாடியானால் தாய்லாந்து ரகத்தைத் தவிர்த்து, சிறு சிவப்புப் பூ விடும் பழைய மெல்லிய தண்டு ரகத்தை வாங்குங்கள். பூ சின்னது, முள் அதிகம், ஆனால் கலவை சரியாக இருந்தால் மழையில் அது நிற்கும். விலையும் மிகக் குறைவு.