பேசின் பிரிட்ஜ்ல வண்டி நிக்கணும், லைட் அணையக்கூடாது: பொம்ம ரயில் ஓட்டுற டிசிசி-இஎக்ஸ் ரிவ்யூ

நம்ம வீடு கொருக்குப்பேட்டை, தண்டவாளத்துக்குப் பக்கம், அதனால ரயில் பைத்தியம் வரலன்னாதான் ஆச்சரியம். மொட்டை மாடி ரூம்ல எட்டுக்கு நாலு பிளைவுட் போட்டு ஹெச்ஓ ஸ்கேல்ல, அதாவது 87-ல ஒரு பங்கு சைஸ், 16.5 மில்லிமீட்டர் கேஜ்ல ஒரு பொம்ம ரயில் லேஅவுட் வச்சிருக்கேன். இன்ஜின் மொத்தம் அஞ்சு. ரெண்டு பழைய ஹார்ன்பி, அதாவது பிரிட்டிஷ் பொம்ம ரயில் கம்பெனியோடது, சித்தப்பா துபாய்லேந்து எடுத்துட்டு வந்தது, மிச்சம் மூணு நான் சம்பாரிச்சு வாங்கினது.

இவ்ளோ நாள் ஆனலாக்தான். தண்டவாளத்துல வோல்டேஜ் ஏத்தினா வேகம், பிளஸ் மைனஸ் மாத்தினா ரிவர்ஸ், அவ்ளோதான் மேட்டர். பிரச்சனை என்னன்னா ஒரே லைன்ல ரெண்டு இன்ஜின் வச்சா ரெண்டும் ஓடும். எனக்கு வேண்டியது சென்ட்ரல் வர்ற எல்லா வண்டியும் பண்ற அதே வேலை, சென்ட்ரலுக்கு முந்தின ஸ்டேஷன் பேசின் பிரிட்ஜ்ல வந்து சும்மா நிக்கணும், ஹெட்லைட் எரியணும், பக்கத்துல இன்னொன்னு போகணும். ஆனலாக்ல நிக்க வைக்கணும்னா அந்தத் துண்டு தண்டவாளத்த தனியா வெட்டி சுவிட்ச் போடணும், போட்டேன், ஏழு சுவிட்ச், ஆனா கரண்ட் கட் ஆனதும் லைட்டும் அணைஞ்சிடும். செத்த வண்டி மாதிரி நிக்கும்.

இதுக்கு வழி டிசிசி, அதாவது டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல். அதுல தண்டவாளத்துல எப்பவும் முழு வோல்டேஜ் இருக்கும், அதுலயே சிக்னலும் கலந்து போகும், ஒவ்வொரு இன்ஜின் வயித்துலயும் ஒரு டீகோடர் உக்காந்துகிட்டு தன் நம்பருக்கு வந்த ஆர்டர மட்டும் கேக்கும். பிராண்டட் செட் விலை பாத்துட்டு ரெண்டு நாள் யாருகிட்டயும் பேசல. அப்புறம்தான் இந்த டிசிசி-இஎக்ஸ். சாஃப்ட்வேர் ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ், ஆர்டுயினோ மெகாங்கற சின்ன கன்ட்ரோலர் போர்டு மேல, மோட்டார் ஷீல்டுன்னு இன்னொரு போர்டு ஒண்ணு குத்தினா, தண்டவாளத்துக்கு ஆர்டர் அனுப்புற கமாண்ட் ஸ்டேஷன் ரெடி. ரிச்சி ஸ்ட்ரீட்ல மெகா, ஷீல்டு, வைஃபை மாட்யூல், 14 வோல்ட் அடாப்டர் எல்லாம் சேத்து எனக்கு மூவாயிரத்து சொச்சம் ஆச்சு. ஷீல்டு டூப்ளிகேட்தான், ஒரு பின் ஆடுச்சு, கடைக்காரர் ‘அப்படித்தான் சார் வரும்’னு சொல்லிட்டாரு, என்னத்த சொல்ல.

ஒரு விஷயம் கண்டிப்பா பண்ணுங்க. ஷீல்டுல விஐஎன்னு (VIN) கரண்ட் போற ஒரு பின் இருக்கும், அத மடக்கிடணும் இல்ல அந்த கனெக்‌ஷன வெட்டிடணும், இல்லன்னா தண்டவாளத்துக்குக் குடுக்குற கரண்ட் மெகாவுக்குள்ளயும் போயிடும். மத்தபடி இன்ஸ்டாலர் ஓட்டினா அதுவே எல்லாம் ஏத்திடுது. போன்ல ‘இன்ஜின் டிரைவர்’னு ஒரு ஆப் போட்டு கமாண்ட் ஸ்டேஷனோட வைஃபைல சேந்தா வேல முடிஞ்சுது, அட்ரஸ் 192.168.4.1, போர்ட் 2560. நம்ம ஏரியாவுல கரண்ட் போய் வந்தா கூட தண்டவாளம் ஆஃப்லயே இருக்கு, நாமளா ஆன் பண்ணாதான் வண்டி நகரும், இது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

சரி, பொட்டி சல்லிசு. காசு போறது டீகோடர்ல. ஒண்ணு மூவாயிரம் கிட்ட, இன்ஜினுக்கு ஒண்ணு, அஞ்சுன்னா நீங்களே கணக்கு போட்டுக்குங்க. எட்டு பின் சாக்கெட் இருக்கற புது இன்ஜின்ல குத்தினா முடிஞ்சுது. பழைய ஹார்ன்பில அந்த வேலையே ஆகாது, மோட்டாருக்குக் கரண்ட் குடுக்குற ஒரு பிரஷ் நேரா சேசிஸ்ல ஒட்டிகிட்டு இருக்கும், அத பிரிக்காம டீகோடர் போட்டா காலி. எனக்குத் தெரியாதா, தெரியும், படிச்சிருந்தேன், இருந்தும் அவசரத்துல மல்டிமீட்டர் வச்சுப் பாக்காம போட்டேன், ஒரு வாசன வந்துச்சு, மூவாயிரம் ரூவா போச்சு. முழுக்க என் தப்பு.

அப்புறம் பழைய வண்ணாரப்பேட்டைல நமக்குத் தெரிஞ்ச மொபைல் சர்வீஸ் அண்ணன்கிட்ட போனேன். ‘இன்னாபா இது, பொம்ம ரயிலா’ன்னு சிரிச்சாரு, ஆனா போன் போர்டுல வேல பாக்குற கை, அந்த முடி மாதிரி ஒயருங்கள அவ்ளோ சுத்தமா பத்த வச்சாரு. சிவப்பும் கருப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் கிரேவும் மோட்டாருக்கு, இவ்ளோதான் நான் சொன்னேன். பிரஷ்ஷ பிரிச்சு இன்சுலேஷன் போட்டது, பழைய கெப்பாசிட்டர எடுத்தது எல்லாம் அவர் வேல. கூலி இருநூறு, டீ எனது.

புது டீகோடர் எல்லாமே மூணாம் நம்பர்லதான் வரும். நம்பர் மாத்தாம ரெண்டு இன்ஜினையும் ஒண்ணா வச்சேன், ரெண்டும் ஜோடியா ஓடுது, இதுக்கா இவ்ளோ செலவுன்னு ஆயிடுச்சு. ஒவ்வொண்ணா புரோகிராமிங் டிராக்ல, அதாவது நம்பர் மாத்துறதுக்குன்னு இருக்கற தனித் துண்டு தண்டவாளத்துல வச்சு நம்பர் மாத்தினப்புறம்தான் உயிர் வந்துச்சு.

குறைன்னா, போன் ஸ்கிரீன்ல விரலத் தேச்சு வேகம் ஏத்துறதுல பழைய திருகு குமிழோட சொகம் இல்ல. இன்னொண்ணு, தண்டவாளம் சுத்தமா இருக்கணும், ஆனலாக்ல அழுக்குன்னா வண்டி கொஞ்சம் திக்கும், இதுல டீகோடர் ஒரு செகண்ட் செத்துப் பொழைக்கும். நம்ம கடல் காத்துக்கு வாரம் ஒருவாட்டி ஐபிஏ, அதாவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கிறேன், அதுவும் அதே அண்ணன் கடைலேந்துதான்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். இப்ப மூணு இன்ஜின் மாறியாச்சு. போன ஞாயித்துக்கெழம ஒண்ண பேசின் பிரிட்ஜ்ல லைட்டோட நிக்க வச்சுட்டு இன்னொன்ன விட்டேன், அம்மா துணி காயப்போட வந்தவங்க கொஞ்ச நேரம் பாத்துட்டு ‘உள்ள விடுடா, எவ்ளோ நேரம்தான் நிப்பான்’னாங்க. மிச்சம் ரெண்டு அலமாரிலயே இருக்கு. அண்ணன் வேற போறப்ப வர்றப்பல்லாம் ‘அந்த ரெண்டு எப்ப கொண்டார்ற’ன்னு கேக்குறாரு.